பொடியாகாத கிரிஸ்டல்

உக்காருங்க, உக்காருங்க. ஓரத்துல ரெண்டு பேர் இன்னும் குசுகுசுன்னு பேசிக்கிட்டிருக்கீங்க, போதும். நான் இந்த லேபுக்கு ஐஸும் கேனும் தூக்குற ஆளு, படிப்பு எட்டாவது. ஆனா இதைச் சொல்ல என்னை விட்டா ஆள் கிடையாது.

தேவசகாயம் சார்னு ஒருத்தர். அம்பத்தோரு வயசு, தனியார் காலேஜ்ல வாத்தியார். பிஎச்டி வாங்காதவங்க ஜூனோட வீட்டுக்குப் போகலாம்னு காலேஜ்ல சொல்லிட்டாங்க. அதுக்காகத்தான் நம்ம பூங்கோதை மேடம்கிட்ட மாணவரா சேர்ந்திருந்தார். மேடம் அவரைவிடப் பதினாறு வயசு சின்னவங்க. இவர் கதவுல நின்னு, தொண்டையைச் செருமி, "மே...டம், வர...லாங்களா"ம்பார், கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவர் மாதிரி. மேடம் தலையை மட்டும் ஆட்டுவாங்க. அவங்க பத்து வார்த்தை பேசினா அன்னைக்கு மழை.

வேலை என்னன்னா, துத்தநாக புளோரைடைக் கண்ணாடிக் குழாய்ல போட்டு, அம்மோனியாவைக் குளிர வெச்சுத் தண்ணி மாதிரி ஆக்கி உள்ள விட்டு, மூடி வைக்கணும். மாசக்கணக்குல கிரிஸ்டல் வளரும். அதை எக்ஸ்ரே மெஷின்ல வெச்சா, எந்த அணு எங்க உக்காந்திருக்குன்னு படம் வரும். ஆனா வெளிச் சூடு பட்டா அம்மோனியா ஓடிடும், கிரிஸ்டல் பொடியாயிடும். அப்படி மூணு வருஷத்துல சார் பறிகொடுத்தது முப்பத்தொண்ணு. புளோரைடு ஆசிட் பட்டு சுண்டுவிரல் நுனியும் போச்சு. வலிக்கலையேன்னு ரெண்டு நாள் சும்மா இருந்தார். அது எலும்பு வரைக்கும் போயிருந்துச்சு.

ஜூன் நடுவுல ஒரு கிரிஸ்டல் நின்னுச்சு. பொடியாகலை. மெஷின்ல வெச்சார், படம் வந்துச்சு. உலகத்துலயே புதுப் பொருள், தீசிஸ் முடிஞ்சதுன்னு ஜிலேபி வாங்கிட்டு வந்தார். நானும் ரெண்டு தின்னேன்.

மேடம் தொடலை. படத்தையே பார்த்தாங்க. அம்மோனியாவும் தண்ணியும் அதுல கிட்டத்தட்ட ஒரே மாதிரி புள்ளியாத்தான் தெரியுமாம். கையெழுத்துப் போடலை. சார் நின்னுக்கிட்டே, இன்னும் பன்னெண்டு நாள்தான் இருக்கு, வேலை போயிடும், மக படிப்பு பாதியில நிக்குது, என்ன தப்புன்னாவது சொல்லுங்கன்னு கேட்டார். குரல் உடைஞ்சு போச்சு. அதை நான் பேசிக் காட்ட மாட்டேன்.

மேடம் எழுந்தாங்க. ஐஸ்ல கிடந்த வேற குழாய்லேர்ந்து, தான் வளர்த்த அம்மோனியா கிரிஸ்டல் ஒண்ணை எடுத்துக் கண்ணாடித் தட்டுல வெச்சாங்க. பக்கத்துலயே சாரோடதை வெச்சாங்க. என்கிட்ட மூணு டீ சொன்னாங்க.

வெளிய வராண்டாவுல நின்னு குடிச்சோம். திரும்பி வந்து பார்த்தா, மேடம் எடுத்து வெச்சது வெளுத்து, விரிசல் விட்டு, மாவாக் கிடந்துச்சு. அம்மோனியா நெடி மூக்குல ஏறுச்சு. சாரோடது அசையாம பளபளன்னு கல்லு மாதிரி இருந்துச்சு. எந்த நெடியும் இல்லை. எங்கேயோ மூடி சரியா இறுகாம ஈரம் உள்ள போயிருக்கு. துத்தநாக புளோரைடும் தண்ணியும் சேர்ந்த கிரிஸ்டல் அது. புதுசு ஒண்ணுமில்லை, எந்தப் புத்தகத்துலயும் இருக்குறதுதானாம்.

சார் தட்டைக் கையில எடுத்தார்.

"மேடம், முப்பத்திரண்டுல உயிரோட நின்னது இது ஒண்ணுதான். அதனாலதானே இதை எடுத்தேன்."

மேடம் சொன்னாங்க: "செத்ததுதான் சார் நம்மளது."