கல்லுமேட்டுப் புங்கை தளிர்த்த கதை

மரங்களும் மனிதர்களும் ஒருவரோடொருவர் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், கல்லுமேடு என்ற சின்ன ஊரில், மாதா கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு புங்கமரம் நின்றது. மரம் எப்படிப் பேசும் என்று கேட்காதீர்கள். நமக்கு நாக்கு, அவற்றுக்கு இலை. இலையை அசைத்தால் பேச்சு வரும். அந்தக் காலத்துப் புங்கை வருஷம் முழுவதும் இலையோடு இருந்தது, அதனால் வருஷம் முழுவதும் பேசிக்கொண்டும் இருந்தது. பூசைக்கு வந்தவர்கள், போனவர்கள், நேர்ச்சைக்கு விட்ட கோழி என்று ஒருவரையும் அது சும்மா விடாது.

ஒரு வருஷம் மழை பொய்த்துவிட்டது. ஊர்க் கிணறு அடிவரை வற்றிய நேரத்தில், ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் வந்தது. ஊரார் கறியையும் மீனையும் விட்டார்கள். தவக்காலத்தில் ஆளுக்கொன்றை விட்டுவிட வேண்டும் என்று சாமியார் வைத்த பிரசங்கத்தை ஜன்னல் வழியாகக் கேட்டு, மரங்களுக்கும் ரோஷம் வந்துவிட்டது.

"நான் நிழலை விட்டுவிட்டேன்" என்றது பனை. அதற்கு என்றைக்கு நிழல் இருந்தது!

"நான் இனிப்பை விட்டேன்" என்றது வேம்பு.

புங்கையில் குடியிருந்த அணில் புறணி பேசுவதை விடுவதாகச் சொல்லிவிட்டு, பனையையும் வேம்பையும் பற்றி அன்றே ஊரெல்லாம் சொல்லி முடித்தது. புங்கை மட்டும் யோசித்துக்கொண்டே நின்றது.

"பேச்சை விடேன்" என்றது அணில்.

"அதைத் தவிர வேறு ஏதாவது சொல்" என்றது புங்கை.

ஊரின் தெற்கே மிக்கேலம்மாள் என்றொருத்தி இருந்தாள். புருஷன் காய்ச்சலில் போனபின் அவளுக்கும் அவளுடைய இரண்டு பெண்பிள்ளைகளுக்கும் ஒரு கத்தரித் தோட்டம்தான் கஞ்சி ஊற்றியது. செடிகள் பூவும் பிஞ்சுமாக நின்றன. காலையும் மாலையும் கிணற்றடியில் காத்துக் கிடந்து சுரண்டி எடுத்த தண்ணீரை ஊற்றுவாள். ஊற்றிய கொஞ்ச நேரத்தில் வெயில் அதைக் குடித்துவிடும். செடி ஒவ்வொன்றாகத் தலை தொங்கியது. தோட்டம் போனால் பிள்ளைகளோடு ஊரைவிட்டுப் போவதைத் தவிர வேறு வழியில்லை.

வேர்மேல் தழையைப் போட்டு மூடினால் ஈரம் நிற்கும் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் தழைக்கு எங்கே போவது? பனையிடம் கேட்டாள், அது வானத்தைப் பார்த்தது. வேம்பிடம் கேட்டாள், அம்மை கண்டவர்களுக்கு வேண்டியிருக்கும் என்று அது சாக்குச் சொன்னது. கடைசியில் புங்கையிடம் வந்தாள்.

"அண்ணே, உன் தழை கொஞ்சம் தருவியா? எம்புள்ளைங்க தோட்டம் கருகுது."

வாயாடிப் புங்கை அன்றைக்கு இலையை மெதுவாகத்தான் அசைத்தது.

"தங்கச்சி, கொஞ்சம் தந்தா உன் தோட்டத்துல ஒரு மூலை மூடும். மொத்தமும் தந்தாத்தான் தோட்டம் பிழைக்கும். தந்தா நான் பேச முடியாது. பேசாத மரம் செத்த மரம்னுதான் உங்க ஆளுங்க வெட்டிடுவாங்க. இலையெல்லாம் கொட்டின மரம் திரும்பத் தளிர்க்கும்னு நான் கண்டதும் இல்ல, கேட்டதும் இல்ல. எனக்குப் பயமா இருக்கு."

மிக்கேலம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. "அப்ப வேண்டாம் அண்ணே. நீ நல்லா இரு" என்று வெறும் கூடையை எடுத்துக்கொண்டு திரும்பினாள்.

நாலடி போயிருப்பாள். பின்னால் மழை பெய்வது போலச் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தாள். புங்கை தன்னைத் தானே உலுக்கிக்கொண்டிருந்தது. பூச்சி அரித்த இலை, நல்ல இலை, உச்சிக்கிளை இலை என்று எதையும் பார்க்கவில்லை. எல்லாம் விழுந்தன. கடைசி இலை கிளையை விடுவதற்குமுன், "பிள்ளைங்கள நல்லா பாத்துக்க" என்று மட்டும் சொன்னது. அதன்பிறகு சத்தமே இல்லை.

அவள் அழுதுகொண்டேதான் அள்ளினாள். கூடை கூடையாகச் சுமந்து தோட்டம் முழுவதும் பரப்பினாள். தழைக்கு அடியில் ஈரம் நின்றது. தொங்கிய செடிகள் தலை தூக்கின. காலையில் ஊற்றியதே மறுநாள்வரை போதுமானதாக இருந்தது. மாலைத் தண்ணீர் மிச்சமாயிற்று. அந்தக் குடத்தை அவள் என்ன செய்தாள் தெரியுமா? ஒவ்வொரு மாலையும் சுமந்துபோய்ப் புங்கையின் வேரில் ஊற்றினாள். நன்றி சொல்ல அவளிடம் வேறு எதுவும் இல்லை.

பார்த்தவர்கள் சிரித்தார்கள். "செத்த மரத்துக்குத் தண்ணி ஊத்துறாளே, இவளுக்குக் கிறுக்கா?" என்றார்கள். தண்ணீர்ப் பஞ்சத்தில் அது கொஞ்சம் கிறுக்குத்தனமாகத்தான் தெரிந்திருக்கும்.

குருத்தோலை ஞாயிறு வந்தது. பவனி முடிந்ததும், கோயில் காரியங்களைக் கவனிக்கும் உபதேசியார் வியாகுலம் வழக்கம்போல் புங்கையடியில் வந்து உட்கார்ந்தார். வழுக்கைத் தலை சுட்டபோதுதான் நிழல் இல்லை என்பதே அவருக்கு உறைத்தது. மரத்தைத் தட்டினார்.

"ஏ புங்கை! இருக்கியா, போயிட்டியா?"

பதில் இல்லை. இன்னும் உரக்கக் கேட்டார். அப்போதும் இல்லை.

"சரி, ஆத்துமா இளைப்பாறட்டும்" என்று சிலுவை போட்டுவிட்டு, "ஈஸ்டர் அசனத்துக்கு விறகு ஆச்சு" என்றார். அசனம் என்றால் ஊரே கூடிச் சாப்பிடும் சாப்பாடு. அடுப்புக்கு நிறைய விறகு வேண்டும். மறுநாளே வெட்டியிருப்பார். ஆனால் ஈஸ்டர் வரையிலான அந்தப் பெரிய வாரத்தில் கல்லுமேட்டார் எந்த மரத்திலும் கோடரி வைக்கமாட்டார்கள். ஆண்டவருக்குச் சிலுவை செய்ய மரம் வெட்டிய வாரம் அது என்பது அவர்கள் கணக்கு. அதனால் ஈஸ்டரான உயிர்த்த ஞாயிறு விடிந்ததும் வெட்டுவது என்று முடிவாயிற்று.

மிக்கேலம்மாள் அவரிடம் போய்க் கெஞ்சினாள். "என் புள்ளைங்க கஞ்சி குடிக்கிறது அந்த மரத்தாலதான் உபதேசியாரே."

"உயிரோட இருந்தா ஒரு வார்த்தை சொல்லட்டுமே. நானா வேண்டாங்கிறேன்?" என்றார் அவர்.

அவள் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். பெரிய வெள்ளியன்றும் தண்ணீர் ஊற்றினாள். சனிக்கிழமையும் ஊற்றினாள். அணில் மட்டும் வெறுங்கிளையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே கிடந்தது. அந்த இரண்டு நாளும் அது புறணி பேசவில்லை.

உயிர்த்த ஞாயிறு காலை, கிழக்கு வெளுக்கும்போதே மிக்கேலம்மாள் கடைசிக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். மரம் பிழைக்கும் என்று அவளே நம்பியிருந்தாளா என்றால், இல்லை. வழியனுப்பி வைக்கத்தான் போனாள். தண்ணீரை ஊற்றிவிட்டு நிமிர்ந்தபோது, கண்ணெதிரே இருந்த கிளையில் ஏதோ பளபளத்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். பிறந்த பிள்ளையின் நகம் போல ஒரு தளிர். அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. அடுத்த கிளையிலும்.

குடத்தைப் போட்டுவிட்டுக் கோயிலுக்கு ஓடினாள். "உசுரோட இருக்கு! புங்கை உசுரோட இருக்கு!" என்று கத்தினாள். வாசலில் நின்ற ஆம்பிளைகள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். அழுதழுது அவளுக்குக் கண் மங்கிவிட்டது என்று ஒருவர் சொன்னார்.

வியாகுலம் கோடரியைத் தோளில் போட்டுக்கொண்டு, "தொட்டுப் பாத்தாத்தான் நம்புவேன்" என்று நடந்தார். 'இவர், உயிர்த்த ஆண்டவரைத் தொட்டுப் பார்த்தே நம்பிய தோமையார் வம்சமோ!' என்று அணில் நினைத்தது. நல்ல நாளாக இருந்ததால் வெளியே சொல்லவில்லை.

அவர் கிளையை வளைத்துத் தளிரின்மேல் விரலை வைத்தார். குளிர்ச்சியாக இருந்தது. அந்த நேரத்தில் லேசாகக் காற்று வந்தது. தளிர்கள் அசைந்தன. தத்துப்பித்தென்று, குழந்தைக் குரலில், புங்கை பேசியது.

"சர்வேசுரனுக்குத் தோத்திரம். தங்கச்சி, தண்ணி ரொம்பக் குளுமையா இருந்துச்சு."

வியாகுலத்தின் தோளிலிருந்து கோடரி நழுவி விழுந்தது. அவர் அப்படியே மண்ணில் முழங்காலிட்டுவிட்டார். மிக்கேலம்மாள் மரத்தைக் கட்டிக்கொண்டு சிரித்தாள், அழுதாள், ஆண்டவரே ஆண்டவரே என்றாள். நாள் முழுவதும் அவள் வாயில் வேறு வார்த்தை வரவில்லை.

அன்றைய அசனம் பனைமட்டை விறகில்தான் வெந்தது. குழம்பில் மிக்கேலம்மாள் தோட்டத்துக் கத்தரிக்காய். ஊரே வயிறார உண்டது.

அன்று முதல்தான் புங்கமரம் ஒவ்வொரு தவக்காலத்திலும் தன் இலை முழுவதையும் கொட்டிவிட்டுப் பேச்சற்று நிற்கிறது. ஈஸ்டர் நெருங்கையில், கொளுத்தும் வெயிலிலேயே பளபளவென்று தளிர்த்து வருகிறவர்களுக்கெல்லாம் நிழல் கொடுக்கிறது. கல்லுமேட்டிலும், எந்த மரம் பட்டுப்போனதாகத் தெரிந்தாலும், ஈஸ்டர் வரை தண்ணீர் ஊற்றிப் பார்க்காமல் யாரும் அதன்மேல் கோடரி வைப்பதில்லை.