நம்புராஜன் தேசம் பார்க்கப் புறப்பட்டது

ராமேஸ்வரத்தில் நம்புராஜன் என்றொரு சங்குக் கடைக்காரர் இருந்தார். கடையின் வாசல் பஸ் வந்து நிற்கும் தெருவைப் பார்த்திருக்கும். முதுகு கடலுக்கு. வயது அறுபதைத் தாண்டியாயிற்று, ஆள் இன்னும் மதுரையைத் தாண்டவில்லை.

மகன் கடையை ஏற்றுக்கொண்டதும், பெண்டாட்டி பாகம்பிரியாளோடு தேசத்தைச் சுற்றிப் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை வந்தது. ஆசை வந்த அன்றைக்கே தூக்கம் போயிற்று.

கரையோர மடத்தில் இருந்த துறவியம்மாதான் அவருக்குக் குரு. வயதில் அவருக்குத் தங்கை. ஆனாலும் அவர் அவளைத் தாயே என்பார். அவள் அவரை அண்ணே என்பாள். பெண்டாட்டியையும் கூட்டிக்கொண்டு அவளிடம் போனார்.

"தாயே, முடிவே இல்லாம கிடக்கே இந்தத் தேசம்! ஒரு பக்கம் பனிமலைங்கிறான், ஒரு பக்கம் மணல்காடுங்கிறான். ஒரு ஊர்ப் பேச்சு அடுத்த ஊர்க்காரனுக்கே புரியாதாம். காசிக்குப் போனா அசாமை விடணும். அசாமுக்குப் போனா காஷ்மீரை விடணும்."

"ஏதாவது ஒண்ணுக்குப் போங்களேன்."

"இவ முட்டி இந்த ஒரு தடவைதான் தாங்கும், தாயே. இன்னொரு தடவை கிடையாது. டிக்கெட் போடுறவனுக்குச் சாயந்தரத்துக்குள்ள சொல்லியாகணும். எதை விட்டாலும், பார்க்க வேண்டியது அதுதானோன்னு அடிச்சுக்குது. நான் எதை விட?"

பாகம்பிரியாள் குறுக்கே வந்தாள். "இவரு போட்டிருக்கிற திட்டத்தைக் கேளு, தாயி. காலையில ஒரு ஊரு, மத்தியானம் ஒரு ஊரு. தாஜ்மகாலை வண்டியில இருந்தே எட்டிப் பார்த்துக்கணுமாம்!"

"உன் முட்டிக்காகத்தானேடி சொன்னேன்?"

"என் முட்டிக்கு நீங்க ஒண்ணும் பார்க்க வேணாம்."

துறவியம்மா எழுந்தாள். "வாங்க, கரைப் பக்கம் போவோம்."

கரையில் ராஜஸ்தான் பஸ் ஒன்று நின்றது. பக்கத்திலேயே அடுப்பு மூட்டிப் பெண்கள் ரொட்டி தேய்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களிடமிருந்து ஒரு கிழவி மட்டும் பிரிந்து தண்ணீரைப் பார்க்க நடந்தாள். முழங்கைக்கு மேலேயும் வெள்ளை வளையல். முகத்தை மூடிய முக்காடு.

ஈரமணலில் கால் பட்டதும் நின்றாள். முக்காட்டை இரண்டு கையாலும் தூக்கித் தலைக்குப் பின்னால் போட்டாள்.

குனிந்து ஒரு விரலை நனைத்து நாக்கில் வைத்தாள். முகம் சுருங்கியது. தப்பாகப் பட்டிருக்குமோ என்று நினைத்தவள்போல இன்னொரு தடவை வைத்துப் பார்த்தாள்.

பிறகு டிரைவரைக் கூப்பிட்டு ஏதோ கேட்டாள். வருஷா வருஷம் வந்து போய்க் கொஞ்சம் தமிழ் பழகியவன் அவன்.

"ஆத்தா என்ன கேக்குது?" என்றாள் பாகம்பிரியாள்.

"ராத்திரியிலயும் இது இங்கேயே இருக்குமான்னு கேக்குது."

பாகம்பிரியாள் சிரித்துவிட்டாள். நம்புராஜனும் சிரிக்கப் போனார். ராத்திரியில் கடல் எப்படி இருக்கும் என்று யோசித்தார். ஞாபகம் வரவில்லை.

டிரைவர் ஹாரன் அடித்தான். கோயில், தீர்த்தம், தனுஷ்கோடி என்று கூவிக் கூவி எல்லாரையும் ஏற்றினான். கிழவி திரும்பாமலே கையை வீசினாள், நீங்கள் போங்கள் என்று. அவள் மகன் வந்து கெஞ்சினான். அதற்கும் அதே கை வீச்சுத்தான். சமையலுக்கு நின்ற பெண்களையும் அவளையும் விட்டுவிட்டு பஸ் போயிற்று.

நம்புராஜனுக்குத் தாங்கவில்லை. "ஐயோ, இத்தனை தூரம் வந்து அத்தனையும் விட்டுப்போகுதே! இருங்க தாயே, நான் போய்ச் சொல்றேன்."

ஓடினார். "ஆத்தா, கோயிலு! அங்கே, கோயிலு!" என்று கோபுரத்தைக் காட்டினார்.

கிழவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். இந்த மனுஷன் இன்னும் பார்க்கவில்லை போலிருக்கிறது, பாவம், என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். தோளைத் தொட்டுக் கடலைப் பார்க்கத் திருப்பினாள். ஒரு கையை நீட்டிக் காட்டினாள். மற்றொரு கை அவரை விடவில்லை.

அவர் பார்த்தார்.

அலையில்லை. தண்ணீர் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. தூரத்தில் ஒரு வள்ளம், நீரிலா ஆகாயத்திலா என்று சொல்ல முடியாமல் நின்றது. பிறந்த நாளிலிருந்து பக்கத்திலேயே கிடந்த தண்ணீர்தான். இத்தனை பெரிசு என்று அவரிடம் யாரும் சொன்னதில்லை.

சட்டைப் பையில் போன் அடித்தது. டிக்கெட் போடுகிறவனாக இருக்கும். அடித்து ஓய்ந்தது. மறுபடியும் அடித்தது.

பாகம்பிரியாள் எப்போது வந்தாளோ, கிழவிக்குப் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

வெகுநேரம் கழித்து நம்புராஜன் திரும்பினார்.

"தாயே... இப்பவாவது சொல்லுங்க. நான் எதை விட?"

மணலில் உட்கார்ந்திருந்த துறவியம்மா, நெற்றிக்குக் கை கொடுத்துத் தூரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க அண்ணே," என்றாள். "மறைக்குது."