தூது போன கொக்கு தலைவரான கதை

மூங்கில்காட்டுக் குளத்தில் பால்வண்ணன் என்றொரு கொக்கு இருந்தது. யானைகளின் முதுகில் ஏறி உண்ணி பொறுக்குவது அதன் பிழைப்பு. யானையின் காதருகே உட்கார்ந்து பேசும் வசதி வேறு யாருக்கு உண்டு? அதனால் குளத்துப் பிராணிகள் அதையே யானைகளிடம் தூது அனுப்பின.

ஒவ்வொரு கோடையிலும் யானைக் கூட்டம் கீழைக்கரை வழியாகக் குளத்தில் இறங்கப் பார்க்கும். அந்தக் கரையின் வெறுந்தரையில்தான் ஆள்காட்டிப் பறவைகள் முட்டையிட்டிருக்கும்.

கூட்டத் தலைவி பேச்சியின் காதில் கொக்கு சொல்லும்: "நீங்கள் கேட்பது நியாயம்தான், அம்மா! எனக்குச் சம்மதமே. ஆனால்..."

உடனே கரையிலிருந்து உலகம்மை என்ற ஆள்காட்டி தொண்டை கிழியக் கத்தும்: "விடமாட்டோம்! விடமாட்டோம்!"

"கேட்டீர்களா? நான் என்ன செய்ய!" என்று கொக்கு பெருமூச்சு விடும்.

"சனியன், காது வலிக்கிறது!" என்று பேச்சி கூட்டத்தைத் திருப்பிக்கொண்டு ஆற்றுக்குப் போய்விடும்.

முட்டைகள் பிழைத்தன. புகழ் கொக்குக்குப் போனது. உலகம்மைக்குக் கிடைத்தது தொண்டைப் புண். கத்துகிறவர்களுக்கு எந்தக் காலத்தில் மாலை விழுந்தது? இருந்தாலும் கொக்கைக் குறை சொல்ல முடியாது. வெயிலில் அலைந்து, சண்டை மூளாமல் காத்த உழைப்பாளி அது.

குளத்துக்குப் புதுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் நாள் வந்தது. எல்லாரும் கொக்கையே தேர்ந்தெடுத்தார்கள். உலகம்மையும் அதற்குத்தான் சிறகைத் தூக்கியது.

"அக்கா, இனிமேல் நீ கத்த வேண்டாம்! ஆட்சியே நம்முடையது. நாகரிகமாகப் பேசி முடித்துக்கொள்வோம்!" என்றது கொக்கு.

"நீ பேசிவிடுவாயா, தம்பி?"

"பேசுவதுதானே என் தொழில்!"

உலகம்மைக்கும் அலுத்துப்போயிருந்தது. வாயை மூடிக்கொண்டது.

கோடை வந்தது. பேச்சியும் வந்தது. "கீழைக்கரை வழியாக இறங்கலாமா, தலைவரே?"

"உங்கள் தாகம் எனக்குத் தெரியாதா, அம்மா! எனக்குச் சம்மதமே. ஆனால்..."

பழக்கதோஷத்தில் கொக்கு அங்கேயே நிறுத்திக் காத்திருந்தது. கரையிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

"தலைவரே சம்மதித்த பிறகு ஆனால் என்ன ஆனால்? வாருங்கள் பிள்ளைகளே!" என்றது பேச்சி.

யானைகள் இறங்கின. இரண்டு கூடுகள் நசுங்கின. அடுத்தது உலகம்மையின் கூடு. அது முட்டைகளின் மேல் படுத்துக்கொண்டு அலறியது: "தம்பி! இப்போதாவது பேசு!"

கொக்கு பேச்சியின் முதுகிலிருந்து தரைக்குப் பாய்ந்தது. பேச்சி தூக்கிய காலுக்கு நேர் எதிரே சிறகை விரித்து நின்றது.

"முடியாது!"

"யார் சொல்வது?"

"நான் சொல்கிறேன்! இந்தக் குளத்தின் தலைவன்! என்னை மிதித்துவிட்டுப் போங்கள்!"

பேச்சி காலைப் பின்னுக்கு எடுத்தது. "அட மடக் கொக்கே! இதை முதலிலேயே சொல்லித் தொலைத்திருந்தால் நான் ஆற்றுக்குப் போயிருப்பேனே! இரண்டு குடும்பத்தைக் கெடுத்துவிட்டாயே!"

யானைகள் திரும்பிப் போயின. நசுங்கிய கூடுகளின் முன்னால் கொக்கு தலை குனிந்து அழுதது.

"அழு. அழ வேண்டியதுதான்," என்றது உலகம்மை. "ஆனால் நாளைக்கும் நீயே தலைவனாக இரு. இன்றைக்குத்தான் அந்த வேலையைக் கற்றுக்கொண்டாய். நானும் இனி வாயை மூடமாட்டேன்!"

தூதர் அடுத்தவரின் மறுப்பை இனிமையாக எடுத்துச் சொன்னால் போதும். தலைவரானவர் தன் மறுப்பைத் தன் வாயாலேயே சொல்ல வேண்டும்.