பாட்டு இறங்கும் இடம்

“‘லிஃப்டில் ஓடுகிற பாட்டையெல்லாம் நான் ஊதமாட்டேன். வேணும்னா நீ போய் லிஃப்டில் நின்னு கேட்டுக்கோ.’ இதேதான் சொன்னார், மிஸ். ஒரு எழுத்து நான் சேர்க்கலை.”

சுலோசனா சொல்லி முடித்தபோது அவள் கணவர் தணிகைவேல் சாக்ஸஃபோனைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். துடைப்பதற்கு அதில் ஒன்றுமே இல்லை.

மிஸ் என்றால் ரோவீனா. வயது முப்பத்துநான்கு. வேப்பேரியில் ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில் சாக்ஸஃபோன் சொல்லிக்கொடுக்கிறாள். சாயங்காலம் ஒரு ஹோட்டலில், அறைச் சாவிக்குக் காத்திருப்பவர்கள் நடுவே நின்று வாசிக்கிறாள். சீடருக்கு அறுபது தாண்டிவிட்டது. ரயில்வேயில் சிக்னல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற கையோடு நெஞ்சில் பைபாஸ் ஆனது. மூச்சுப் பயிற்சி செய்யுங்கள் என்றார் டாக்டர். மற்றவர்கள் யோகா வகுப்புக்குப் போவார்கள். இவர் சாக்ஸஃபோன் வாங்கினார்.

அதோடு விட்டாரா? எது அசல் ஜாஸ், எது போலி ஜாஸ் என்று பிரிக்கவும் ஆரம்பித்தார். புதிதாக டயட் தொடங்கியவர்கள் அடுத்தவர் தட்டையும் எட்டிப் பார்ப்பார்கள் அல்லவா, அந்த மாதிரி.

“ஞாயித்துக்கிழமை மாணவர்கள் கச்சேரி. இருக்கிறதிலேயே ஒரே ஒரு பாட்டு கேட்டேன்” என்றாள் சுலோசனா. “அதை வாசிக்கலேன்னா நான் வரலை. எனக்கு வீட்டில் துணி மடிக்கிற வேலை இருக்கு.”

“பாருங்க மிஸ். இவ வரலேன்னா நான் யாருக்கு வாசிக்கிறது?”

“அப்ப வாசிங்களேன்” என்றாள் சுலோசனா.

“மிஸ், நீங்களே சொல்லுங்க. இவ கேட்கிற அந்த ஸ்மூத் ஜாஸ் ஜாஸா? புளி இல்லை, காரம் இல்லை. அது சாம்பாரா? பருப்புத் தண்ணி.”

“பைபாஸ் ஆனதும் அந்தப் பருப்புத் தண்ணிதான் உங்களை எழுப்பி உட்கார வெச்சுது” என்றாள் சுலோசனா.

ரோவீனா ரீடை, அந்த மெல்லிய நாணல் பட்டையை, வாயில் வைத்து ஊறவைத்துக்கொண்டிருந்தாள். ரீட் வாயில் இருக்கும்வரை யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. நல்ல வசதி.

பிறகு அதை எடுத்துவிட்டுச் சொன்னாள். “அங்கிள், உங்க ஜாஸை வாசிங்க. ஞாயித்துக்கிழமைக்கு வெச்சிருக்கீங்களே, அது.”

தணிகைவேல் வாசித்தார். குறை சொல்ல முடியாது. ஸ்வரங்கள் படிக்கட்டில் உருளும் ஸ்டீல் டம்ளர்கள் மாதிரி விழுந்தன. கீழே பேக்கரியில் யாரோ பேச்சை நிறுத்தினார்கள்.

“இது யாரோடது?”

“அமெரிக்காவில் ஒரு மேதை. ஒரு கிளப்பில் நின்னுக்கிட்டு, முன்யோசனையே இல்லாம வாசிச்சது. அந்த நிமிஷம் என்ன தோணிச்சோ, அது. அதுதான் மிஸ் ஜாஸ்.”

“நேத்து எப்படி வாசிச்சீங்க?”

“இதே மாதிரி.”

“போன மாசம்?”

“ஒரு ஸ்வரம் பிசகாது. ரெக்கார்டை ஓட்டி ஓட்டி எழுதி வெச்சிருக்கேன்.”

“எவ்வளவு நாள் ஆச்சு?”

“எட்டு மாசம்.”

“முன்யோசனை இல்லாம வாசிக்கிறதுக்கு?”

சுலோசனா சிரித்துவிட்டாள். தணிகைவேல் மறுபடி துணியை எடுத்தார்.

ரோவீனா சுலோசனா பக்கம் திரும்பினாள். “ஆன்ட்டி, உங்க பாட்டை எனக்குப் பாடிக் காட்டுங்க.”

“ஐயோ, நானா? நான் வாயைத் திறந்தாலே ‘சுருதி போகுது’ம்பார். கல்யாணம் ஆன புதுசிலிருந்து அதே பல்லவி. இப்பல்லாம் மிக்ஸி ஓடும்போதுதான் பாடுறேன்.”

“இங்கே மிக்ஸி இல்லையே. ஃபேனைக் கூட்டி வைக்கட்டுமா?”

ரோவீனா நிஜமாகவே எழுந்து போய் ஃபேனைக் கூட்டி வைத்தாள். சுலோசனா கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, ம்ம்ம் என்று ஆரம்பித்தாள். சின்னக் குரல். மெதுவான, வழுக்கிக்கொண்டு போகிற மெட்டு. பாதி வந்ததும் அது சட்டென்று மேலே ஏறியது. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது.

“தப்பு” என்றார் தணிகைவேல். “கேட்டீங்களா மிஸ்? அந்த இடத்தில் பாட்டு இறங்கணும். இவ ஏத்துறா.”

“லிஃப்ட் பாட்டு உங்களுக்கு நல்லாவே தெரியுதே, அங்கிள்.”



“இறங்கணும்னு எனக்கும் தெரியும்” என்றாள் சுலோசனா. “அப்புறமா போனில் தேடிக் கேட்டேன். இறங்கத்தான் செய்யுது. எனக்குப் பிடிக்கலை.”

“முதல்ல எங்கே கேட்டீங்க ஆன்ட்டி?”

“ஆஸ்பத்திரியில். இவரை உள்ளே கொண்டு போயிட்டாங்க. வெளியே ஒருத்தர்தான் இருக்கலாம்னு என் பொண்ணைக்கூடக் கீழே அனுப்பிட்டாங்க. அந்த ஹாலில் ஸ்பீக்கர். அதில் இந்த ஒரே பாட்டு. முடியும், மறுபடி வரும். முடியும், மறுபடி வரும். நடுவில் ஒரு இடத்தில் பாட்டை வெட்டிட்டு ஒரு பொம்பளை பேசுவா. ‘தயவுசெய்து அமைதி காக்கவும்.’ அங்கே யாரு சத்தம் போட்டா? அவ ஒருத்திதான். ரெக்கார்டே அப்படி. ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் அவ வந்துடுவா.”

“பாட்டு போயிடும்.”

“போயிடும். அவ பேசி முடிக்கிறதுக்குள்ள பாட்டு எங்கேயோ போயிருக்கும். நடுவில் என்ன இருந்ததுன்னு தெரியாது. எனக்கோ உட்கார முடியலை, நிக்க முடியலை, ஜெபம் பண்ணப் போனா பாதியில் மறந்துபோகுது. இந்தப் பாட்டைப் பிடிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். அதுவும் அந்த இடத்தில் கையை விட்டா எப்படி? அதனால நானே ஏதாவது போட்டு நிரப்பிக்குவேன். மனசுக்குள்ளேதான். ஒரு தடவை போட்ட மாதிரி இன்னொரு தடவை வராது.”

“ஆனா எல்லாமே ஏத்தியா?”

சுலோசனா கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடினாள்.

“முதல் தடவை இறக்கித்தான் போட்டேன். பயமா இருந்தது. அதுக்கப்புறம் இறக்கவே இல்லை. பைத்தியக்காரத்தனம்தான். டாக்டர் கதவைத் திறந்து வர்றவரைக்கும், எப்ப அந்த இடம் வந்தாலும் ஏத்திட்டேன்.”

ஃபேன் வேகமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. யாரும் அதைக் குறைக்கவில்லை.

“இதை ஏன் நீ என்கிட்ட சொல்லவே இல்லை?” என்றார் தணிகைவேல்.

“நீங்க கேட்டது ஜாஸா இல்லையான்னுதானே.”

அவர் சாக்ஸஃபோனை மடியில் போட்டுக்கொண்டார். பிறகு, வழக்கமாக வாதம் செய்கிற குரலை எங்கோ வைத்துவிட்டு வந்தவர் போலக் கேட்டார்.

“மிஸ். அப்ப அது ஜாஸா?”

“என்னைக் கேட்கிறீங்களே அங்கிள். நான் ஹோட்டலில் பேப்பரைப் பார்த்து வாசிக்கிறவ. அந்தந்த நிமிஷம் தோணினதைப் போட்டவங்க பக்கத்தில்தானே உட்கார்ந்திருக்காங்க.”

தணிகைவேல் எழுந்தார். நாற்காலியை மனைவியின் எதிரே இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். வாசிக்க ஆரம்பித்தார். எழுதி வைத்தது எதுவும் இல்லாததால் இரண்டு இடத்தில் தடுக்கி விழுந்தார். டம்ளர்கள் உருளவில்லை. மெட்டு வழுக்கிக்கொண்டு வந்தது, பாதி வந்தது, இறங்க வேண்டிய இடத்துக்கு வந்தது.

அங்கே நிறுத்தினார். சாக்ஸஃபோனை வாயிலிருந்து எடுத்தார்.

சுலோசனா தலையைக் குனிந்துகொண்டு கைப்பைக்குள் எதையோ தேடினாள். கைக்குட்டை கையில்தான் இருந்தது.

“சுலோ” என்றார். “இந்த இடம் எனக்குத் தெரியாது. நீ பாடு.”