இரண்டு பேருக்கு நடுவே விழுந்த பந்து

பிச்சைக்கனி காலை ஆறு மணிக்கே மைதானத்துக்கு வந்துவிட்டார். வயது ஐம்பத்தொன்று. தூத்துக்குடியில் லாரிப் பட்டறை வைத்திருக்கிறார். உப்பளத்தை ஒட்டிய அந்த மைதானத்தில், கிளப் அணிக்காக இருபத்தாறு வருடமாக ஆடுகிறார்.

ஜெயசீலி டீச்சர் பந்துப் பையை அவிழ்த்துக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடத்து விளையாட்டு ஆசிரியை. பிச்சைக்கனியைவிட இருபது வயது சின்னவர். கிளப்புக்குப் பயிற்சி கொடுக்க வந்து ஒரு வருடம் ஆகிறது. அதிகம் பேச மாட்டார். பேட்டிங் வரவில்லை என்று வந்தவனிடம் பேட்டை வாங்கி வைத்துக்கொண்டு, கையில் ஒரு ஸ்டம்பைக் கொடுத்து "இதால அடி" என்றார். பந்து சொன்ன இடத்தில் விழவில்லை என்று வந்தவனுக்கு, பிட்சில் தன் கைக்குட்டையை விரித்துப் போட்டுவிட்டு உட்கார்ந்துகொண்டார். கைக்குட்டை கிழிந்த அன்றைக்குத்தான் எழுந்தார்.

"டீச்சர், எனக்குக் கேட்ச் பிடிக்கச் சொல்லிக் குடுங்க."

"என்ன திடீர்னு, அண்ணாச்சி?"

"மூணு மேட்ச்ல மூணு கேட்ச் போச்சு. ஞாயித்துக்கிழமை இன்னொண்ணு போனா, பேசாம உக்காந்து ஸ்கோர் எழுதுங்கன்னு ரீகன் சொல்லிட்டான்."

ரீகன்தான் கேப்டன். ஞாயிற்றுக்கிழமை தோற்றால் கிளப்பே கீழ் டிவிஷனுக்கு இறங்கிவிடும்.

"ஸ்கோர் எழுதுறது நல்ல வேலைதான?"

"மைதானத்துக்கு உள்ள நின்னவன வேலிக்கு வெளிய உக்கார வச்சா, அது வேலையா டீச்சர்?"

டீச்சர் பேட்டை எடுத்தார். நாற்பது பந்துகளை வானத்துக்கு அடித்தார். முப்பத்தொன்பதைப் பிச்சைக்கனி பிடித்தார்.

"நான் சொல்லிக் குடுக்க இதுல என்ன இருக்கு?"

"பொறவு மேட்ச்ல மட்டும் ஏன் விழுது?"

"அந்த மூணும் எங்க விழுந்துச்சு?"

மிட் விக்கெட்டுக்கும் மிட் ஆனுக்கும் நடுவே பிச்சைக்கனி கையை நீட்டிக் காட்டினார்.

"மிட் விக்கெட்ல நீங்க நிக்கீங்க. பக்கத்துல மிட் ஆன்ல யாரு?"

பிச்சைக்கனி உப்புக் குவியலைப் பார்த்தார்.

"அந்த ஆளு."

"எந்த ஆளு?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க டீச்சர்."

ஊருக்கே தெரிந்த கதைதான். இந்த டிவிஷனில் அம்பயருக்குத் தனி ஆள் கிடையாது. பேட்டிங் ஆடும் அணியில் சும்மா இருப்பவர்கள்தான் வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு நிற்க வேண்டும். ஒன்பது வருடத்துக்கு முன்னால் அப்படி நின்றவர் தங்கமாரி. பிச்சைக்கனியின் உயிர்ச் சிநேகிதர். அன்றைக்குப் பிச்சைக்கனி நாற்பத்தேழு ரன். வாழ்க்கையில் அரைச் சதம் பார்த்திராத மனுஷன். இன்னும் மூன்றே ரன். பந்து வந்தது. எதிரணி 'எல்பி' என்று கத்தியது. தங்கமாரி அவுட் என்று விரலைத் தூக்கிவிட்டார்.

பேட்டில் பட்ட பிறகுதான் காலில் பட்டது என்பது பிச்சைக்கனியின் கட்சி. பந்து போட்டவனின் சட்டைக் கலர்கூட அவருக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. அன்றோடு பேச்சு நின்றது. இருவரையும் சேர்த்து பேட்டிங்குக்கு அனுப்பினால் ஒருவர் நிச்சயம் ரன் அவுட். 'வா', 'நில்லு' என்று சொல்ல இருவருக்கும் வாய் திறக்காது. ஒருவருக்கு மற்றவரிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் விக்கெட் கீப்பரிடம் சொல்லி அனுப்புவார்.

"நாளைக்கும் வாங்க" என்றார் டீச்சர்.

மறுநாள் வந்தால் தங்கமாரியும் நின்றுகொண்டிருந்தார். பிச்சைக்கனி திரும்பிப் போகப் பார்த்தார்.

"போறதுன்னா போங்க. ஸ்கோர் நோட்டு ரீகன் வீட்டுல இருக்கு" என்றார் டீச்சர்.

பிச்சைக்கனி நின்றார்.

டீச்சர் இருவரையும் பதினைந்தடி தள்ளி நிறுத்தினார். "நடுவுல அடிப்பேன். ஒருத்தர் பேர மத்தவர் சொன்னாத்தான் அவர் பிடிக்கணும். சொல்லலன்னா பிடிக்கக் கூடாது."

முதல் பந்து மேலே போனது. இருவரும் அண்ணாந்து பார்த்தார்கள். பந்து நடுவில் விழுந்தது. இரண்டாவதும் விழுந்தது. மூன்றாவதும்.

"டீச்சர், அந்த ஆள வாயத் தொறக்கச் சொல்லுங்க" என்றார் பிச்சைக்கனி.

"டீச்சர், அவரு வாய்ல என்ன இருக்குன்னு கேளுங்க" என்றார் தங்கமாரி.

டீச்சர் அடித்துக்கொண்டே இருந்தார். பதினேழு பந்து விழுந்தது.

பதினெட்டாவது பந்து காற்றில் இழுத்துக்கொண்டு பின்பக்கம் போனது. இத்தனை நேரம் சும்மா நின்ற எரிச்சலோ என்னவோ, தங்கமாரி அதன் மேலேயே கண்ணை வைத்துப் பின்னால் ஓடினார். பிட்ச் உருட்டுகிற இரும்பு ரோலர் அங்கேதான் கிடந்தது.

"லேய் மாரி! ரோலருலே!"

தங்கமாரி ஒரு சாண் இருக்கையில் நின்றார். பந்து ரோலர் மேல் விழுந்து டங்கென்று தெறித்தது.

தங்கமாரி ரோலரைப் பார்த்தார், பிறகு பிச்சைக்கனியைப் பார்த்தார்.

"ஒம்போது வருசம் கழிச்சு இப்பந்தான் பேரச் சொல்லுத" என்றார் தங்கமாரி.

"மண்டை பொளந்தா வெல்டிங் வைக்க என் பட்டறைக்குத்தான தூக்கிட்டு வருவானுவ. எனக்கு வேற சோலி கெடக்கு."

தங்கமாரிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. அதற்குள் டீச்சர் அடுத்த பந்தை அடித்துவிட்டார்.

"கனி!" என்று கத்தினார் தங்கமாரி.

பிச்சைக்கனி பிடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. எதிரணிக்கு ஒரு விக்கெட் மிச்சம், ஆறு ரன் வேண்டும். ஆடியவன் ஓங்கி ஒரு சுற்று சுற்றினான். பந்து எழும்பி, மிட் விக்கெட்டுக்கும் மிட் ஆனுக்கும் நடுவில் இறங்கியது. அதே இடம்.

எல்லையில் நின்ற ரீகன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

பிச்சைக்கனிக்கு எட்டுகிற பந்துதான். இதைப் பிடித்தால் அவர் இடத்தை யாரும் தொட முடியாது. இரண்டு அடி எடுத்து வைத்தார். மேற்கு வெயில் நேராகக் கண்ணில் அடித்தது. தங்கமாரிக்கு வெயில் முதுகுப் பக்கம்.

"மாரி, ஒனக்குலே!"

கத்திவிட்டு நின்றார். கை இரண்டும் வெறுமனே தொங்கின. தங்கமாரி குறுக்கே ஓடி வந்து நெஞ்சோடு அணைத்துப் பிடித்தார்.

கிளப் தப்பித்தது. பையன்கள் தங்கமாரியைத் தூக்கப் பார்த்து, கனம் தாங்காமல் கீழே விட்டார்கள். ரீகன் பிச்சைக்கனியிடம் ஓடி வந்தான். "அண்ணாச்சி, அடுத்த வாரம் ஏழு மணிக்கே வந்துருங்க. ஷூவோட வாங்க, பேனாவோட வராதீங்க."

பிச்சைக்கனி அப்போதுதான் மூச்சு விட்டார். மூன்று வாரமாக நெஞ்சிலேயே நின்ற மூச்சு.

டீ வந்தது. தங்கமாரி ஒரு கிளாஸை அவரிடம் நீட்டினார். வாங்கிக்கொண்டு பிச்சைக்கனி சொன்னார்:

"அன்னைக்குப் பேட்லதாம்லே பட்டுச்சு."

"கால்லதாம்லே பட்டுச்சு."

"ஒனக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு?"

"ஒன் கால் அந்தத் தண்டி இருந்தா பேட்டு எங்க தெரியும்?"

டீ ஆறும்வரை சண்டை ஓடியது. ஒன்பது வருடத்துப் பாக்கி, லேசில் முடியவில்லை.

டீச்சர் பந்துகளை எண்ணிப் பையில் போட்டுக்கொண்டிருந்தார். பிச்சைக்கனி பக்கத்தில் போய் நின்றார். ஸ்கோர் நோட்டை அவர் பார்த்துவிட்டு வந்திருந்தார். அதில் அவர் பெயருக்கு நேரே ஒன்றும் இல்லை.

"டீச்சர், கேட்ச் பிடிக்கச் சொல்லிக் குடுங்கன்னுதான் ஒங்ககிட்ட வந்தேன். இன்னைக்கு முழுக்க ஒண்ணுகூட நான் பிடிக்கலையே."

டீச்சர் பையின் வாயை இழுத்துக் கட்டினார்.

"கீழ ஒண்ணும் விழலையே, அண்ணாச்சி."