இடது கையால் ஆடிய ஆட்டம்

கேரம் தெரிந்தவர்கள் கிட்ட வந்து உட்காருங்கள். தெரியாதவர்களும் வரலாம், நியாயம் தெரிந்தால் போதும். அதுதான் தெரியும் என்று எல்லோரும் சொல்லிக்கொள்கிறோமே!

வடசென்னையில், மீன் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு கேரம் மன்றம். அங்கே பெண்களுக்கென்று ஒரு லீக் வைத்தார்கள். ஆறு பேர், ஒவ்வொருத்தியும் மற்ற ஐவரோடும் ஒருமுறை ஆட வேண்டும். முதலிடம் பெறுகிறவள் மாவட்டத் தேர்வுக்குப் போவாள். மாவட்ட அணியில் இடம் கிடைத்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலைக்கு வழி உண்டு. இறால் உரிக்கும் தேசராணிக்கும், தையல் கம்பெனியில் காஜா எடுக்கும் எஸ்தருக்கும் இது வெறும் விளையாட்டல்ல என்பதைச் சொல்லத் தேவையில்லை.

மூன்றாமவள் நசீமா. வயதில் மூத்தவள், மூன்று பிள்ளைகளின் தாய், பெரிய ஆட்டக்காரி என்று யாரும் சொன்னதில்லை. முதல் ஆட்டத்தில் தேசராணியிடம் தோற்றாள். அடுத்த ஆட்டத்தில் எஸ்தரை வீழ்த்திவிட்டாள். மன்றமே வாயைப் பிளந்தது. அன்று வீட்டுக்குப் போகும் வழியில் பார்த்தவர்களையெல்லாம் நிறுத்தி நிறுத்தி அதைச் சொல்லிக்கொண்டு போனாள்.

அப்புறம் வந்தது நகச்சுத்து, அதுவும் ஸ்ட்ரைக்கரைச் சுண்டும் விரலில். எலுமிச்சம்பழத்தைச் செருகிக்கொண்டு பார்த்தாள், கேட்கவில்லை. டாக்டர் கீறிவிட்டுக் கட்டுப் போட்டு, ஒரு மாதம் விரலை அசைக்கக் கூடாது என்றார். அவளுடைய மீதி ஆட்டங்களைத் தள்ளிவைத்து, மற்றவர்கள் தங்களுக்குள் எல்லாவற்றையும் ஆடி முடித்தார்கள்.

இப்போதுதான் சிக்கல். மாவட்டத்துக்குப் பெயர் அனுப்பும் நாள் நெருங்கிவிட்டது, ஒரு மாதம் காத்திருக்க முடியாது. மன்றத்தின் விதி இது: ஒருவர் பாதியில் விலகினால், ஐந்தில் மூன்று ஆட்டமாவது ஆடியிருக்க வேண்டும். ஆடியிருந்தால் அவருடைய முடிவுகள் நிற்கும், ஆடாத மீதி ஆட்டங்கள் எதிராளிகளுக்கு வெற்றியாகும். மூன்றுக்குக் குறைந்தால், அவர் இந்த லீக்கில் ஆடவே இல்லை என்று எல்லாவற்றையும் அழித்துவிடுவார்கள். நசீமா ஆடியிருந்தது இரண்டு.

அவளை அழித்துவிட்டால் தேசராணியும் எஸ்தரும் சமம். சமமானால் அவர்கள் இருவரும் மோதிய ஆட்டத்தைப் பார்க்க வேண்டும். அதில் வென்றவள் எஸ்தர். முதலிடம் அவளுக்கு. நசீமா நின்றாலோ தேசராணிக்கு ஒரு வெற்றி கூடுகிறது, எஸ்தருக்கு ஒரு தோல்வி கூடுகிறது. முதலிடம் தேசராணிக்கு. மற்ற மூவரும் எப்படிப் பார்த்தாலும் பின்னால்தான்.

எஸ்தர் ஆட்டுக்கால் சூப்போடு நசீமா வீட்டுக்குப் போனாள்.

"அக்கா, கை முக்கியமா, ஆட்டம் முக்கியமா? நீ பேசாம வூட்லயே இரு."

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். ஆனாலும் சூப் நன்றாக இருந்ததாக நசீமாவே ஒப்புக்கொண்டாள்.

மறுநாள் தேசராணி வந்தாள். கையை வீசிக்கொண்டு வந்தவள் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினாள்.

"ஒரே ஒரு ஆட்டம்க்கா. லெஃப்ட் கையால சும்மா தட்டிட்டு எழுந்துக்கோ. தோத்தா இன்னா இப்போ? கணக்குக்கு மூணு ஆயிடும்."

நசீமாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஆளாளுக்கு உங்க கணக்கையே பேசுறீங்களே. நான் எஸ்தரை ஜெயிச்சேனே, அது எங்க போவும்? அதைக் கேக்க ஒருத்தியும் இல்லையா?"

ஞாயிற்றுக்கிழமை வலது கையில் கட்டோடு மன்றத்துக்கு வந்தாள். எதிரில், மற்ற மூவரில் ஒருத்தியான குணவதி. நசீமா இடது கையால் ஸ்ட்ரைக்கரை வைத்தாள். பாதி அடிகள் பலகையின் விளிம்பில் மோதிச் சும்மா திரும்பின. ஆனால் குணவதியின் விரல் கோட்டைத் தாண்டியபோது "ஃபவுல்!" என்று எழுந்து நின்று சண்டை போட்டாள். ஒருமுறை சிவப்புக் காயைக் குழியில் போட்டு, அதை உறுதிசெய்ய அடுத்துப் போட வேண்டிய ஃபாலோவும் போட்டுவிட்டாள். அப்படியும் தோற்றாள். பிறகு செயலாளர் ஏழுமலையிடம், "இதுக்கு மேல முடியலைங்க, விலகிக்கிறேன்" என்றாள்.

எஸ்தர் குமுறினாள். "இது ஆட்டமா சார்? தேசராணி சொல்லிக் குடுத்து, எண்ணிக்கைக்கு வந்து உக்காந்தது. இதுக்காகவா நான் ராவெல்லாம் பழகினேன்?" சொல்லும்போதே அழுதுவிட்டாள். பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது.

"எந்தக் கையால ஆடணும்னு ரூல்ல இருக்குதா?" என்றாள் தேசராணி.

ஏழுமலை தாடையைச் சொறிந்தார்.

வராதே என்றவள் எஸ்தர். வந்து தோற்றுப் போ என்றவள் தேசராணி. வந்து ஆடித் தோற்றவள் நசீமா. இவர்களில் யார் செய்தது சரி? அந்த மூன்றாவது ஆட்டம் செல்லுமா, செல்லாதா?

விடை: நசீமா செய்தது சரி, ஆட்டம் செல்லும். வெறும் எண்ணிக்கைக்காக உட்கார்ந்திருந்தால் எஸ்தர் சொன்னது நியாயம். தோற்பதற்கென்று வந்தவள் ஃபவுலுக்குச் சண்டை போடமாட்டாள், சிவப்புக்கும் ஆசைப்படமாட்டாள். தேசராணி கேட்டது அழகல்ல, எஸ்தரின் சூப்பும் அழகல்ல; இரண்டும் அடுத்தவள் விரலை வைத்துத் தன் இடத்தைப் பிடிக்கப் பார்த்தவைதான். பெரிய குற்றவாளி அந்த விதி. விலகுகிறவர் இன்னும் ஓர் ஆட்டம் உட்கார்ந்தால் ஒருத்திக்கு முதலிடம், உட்காராவிட்டால் இன்னொருத்திக்கு என்று வைத்தால், ஊரார் அவர் வீட்டுக் கதவைத் தட்டத்தான் செய்வார்கள். ஆடி முடித்த ஆட்டம் யார் விலகினாலும் நிற்கும் என்று முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். அப்படி எழுதியிருந்தாலும் முதலிடம் தேசராணிக்கே போயிருக்கும். எஸ்தரைத் தோற்கடித்தது நசீமாவின் இடது கை அல்ல, வலது கை.