விழாத கெர்னல்

“என் கெர்னல் ஒரு தடவைகூட விழலை மேடம். அப்புறம் ஏன் எல்லாரும் பழைய மெஷினுக்கே போறாங்க?”

நாற்காலியில் உட்காருவதற்குள் குமரகுருபரன் கேட்டுவிட்டார்.

சீடருக்கு ஐம்பத்தொரு வயது. குரு ரெஜினாவுக்கு முப்பத்து நான்கு. அவர் இவரை ‘சார்’ என்பார், இவர் அவரை ‘மேடம்’ என்பார். பார்ப்பவர்களுக்குத்தான் அது வேடிக்கை.

ரெஜினாவுக்குப் பிறவியிலிருந்தே பார்வை கிடையாது. கணினி பேசும், அவர் கேட்பார். அப்படிக் கேட்டே கணினியின் அடிவயிறு வரை தெரிந்துவைத்திருந்தார். திருச்சியில் பார்வையற்றோருக்கான ஒரு படிப்பகத்தின் மாடியில் அவருடைய அறை. கீழே பன்னிரண்டு கணினிகள். அதில் ஆறு, குமரகுருபரன் எழுதிய நிரலில் ஓடுகின்றன.

கணினிக்குள் எல்லா வேலையையும் நடுவில் நின்று நடத்துவதற்குக் கெர்னல் என்று பெயர். ஒலி, திரை, விசைப்பலகை என்று அத்தனையையும் ஒரே உடம்பாக வைத்துக்கொள்ளும் கெர்னல் ஒரு வகை. நடுவில் சின்னதாக ஒன்று மட்டும் இருந்துகொண்டு, மற்றவர்களைத் தனித்தனி அறையில் உட்கார வைத்து, சேதி அனுப்பி வேலை வாங்குவது இன்னொரு வகை. இரண்டில் எது உசத்தி என்று சோறு தண்ணி மறந்து சண்டை போட்டவர்கள் உண்டு.

கீழே மற்ற ஆறு பழைய கணினிகளில் ஓடுவது முதல் வகை, குமரகுருபரன் எழுதியது இரண்டாவது வகை. ஆறு வருட உழைப்பு.

“சவுண்டைப் பார்த்துக்கற பகுதி செத்துட்டா?” என்று கேட்டார் ரெஜினா.

“அரை செகண்ட்ல திரும்ப எழுப்பிடும். மத்த யாருக்கும் தெரியக்கூடத் தெரியாது.”

“பழைய மெஷின்ல?”

“ஒண்ணு செத்தா எல்லாம் சேர்ந்து படுத்துடும்.”

“கீழ படிக்க வர்ற ஜெயசீலி உங்க மெஷின்லதானே உட்காருவா?”

“போன வாரம் வரைக்கும்.” அவர் குரல் இறங்கிவிட்டது. “இப்ப பழசுக்குப் போயிட்டாங்க.”

“ஏன்னு கேட்டீங்களா?”

“கேட்கலை.”

“நான் கேட்டேன். பாட்டு டீச்சர் வேலைக்கு விண்ணப்பம் அடிச்சிட்டிருந்திருக்கா. பாதியில சேமிக்கலாம்னு விசையைத் தட்டியிருக்கா. அந்த நேரம் பார்த்து சத்தம் போச்சு. அரை செகண்ட்ல வந்துடுச்சு, நீங்க சொன்ன மாதிரியே. வந்து, ‘வணக்கம், கணினி தயார்’னு சொல்லியிருக்கு. ஃபைலுக்குப் பேர் வைக்கற பெட்டியில நிக்கறோம்னு சொல்லவே இல்லை. அவ விண்ணப்பத்துலதான் இருக்கோம்னு நெனச்சு மிச்சத்தை அடிச்சா. பதினோரு வருஷ அனுபவமும் ஃபைல் பேராப் போயிடுச்சு. பாதி விண்ணப்பம்தான் போய்ச் சேர்ந்துது. நேர்காணலுக்குக் கூப்பிடலை.”

குமரகுருபரன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

“அதுல கெர்னல் தப்பு எதுவும் இல்லையே மேடம். அது விழவே இல்லையே.”

“ஆமா, விழலை. பழசு செத்தா, செத்துடுச்சுன்னாவது தெரியும்ங்கறா ஜெயசீலி.”

அவருக்குச் சுருக்கென்றது. ஆறு வருடம் பாடுபட்டவனிடம் இப்படிச் சொன்னால் யாருக்குத்தான் சுருக்கென்காது?

“அப்படின்னா இன்னிக்கே ஆறு மெஷின்லயும் பழசைப் போட்டுடறேன். என்னோடதை மொத்தமா அழிச்சிடறேன். விட்டது தொல்லை.”

“அழிங்க. அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லுங்க. இதை எதுக்கு சார் எழுத ஆரம்பிச்சீங்க?”

அவர் மடியிலிருந்த பையைக் கீழே வைத்தார்.

“என் வீட்டுல, புஷ்கலாவுக்கு... சர்க்கரையில பார்வை போயிடுச்சு. மெஷின்ல கதை கேட்பா. அது அடிக்கடி படுத்துடும். ‘ஏங்க, இது மறுபடியும் ஊமையாயிடுச்சு’ன்னு கூப்பிடுவா. அடுப்படியில இருந்தாலும் ஓடுவேன். விழாத மாதிரி ஒண்ணு எழுதித் தர்றேன்னு அவகிட்ட சொன்னேன்.”

“ம்.”

“எழுதிட்டிருக்கும்போதே படுக்கையில விழுந்துட்டா. கட்டில் பக்கத்துல உட்கார்ந்து எழுதினேன். கடைசி வாரம். என் கையைப் பிடிச்சு, ‘எழுதறதை நிறுத்துங்க, ஒண்ணு கேட்கணும்’னா. இதை நான் யார்கிட்டயும் சொன்னதில்லை மேடம். என் பொண்ணுகிட்டகூட இல்லை. அவ கேட்டது என்னன்னா...”

ரெஜினா எழுந்தார். சுவரைத் தொட்டுக்கொண்டே உள்ளே போனார். குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது, நின்றது. திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

“வணக்கம். நான் ரெஜினா. உங்களுக்கு என்ன உதவி வேணும்?”

“மேடம்?”

“சொல்லுங்க.”

“நான்... சொல்லிட்டிருந்தேனே.”

“எதைப் பத்தி?”

குமரகுருபரனுக்கு முகம் சிவந்துவிட்டது. இப்படி ஓர் அவமானத்தை அவர் பட்டதே இல்லை. நெஞ்சைத் திறந்து காட்டிக்கொண்டிருக்கும்போது எழுந்து போகிறவள் ஒரு குருவா? பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்.

“பாதியில எழுந்து போயிட்டீங்க.”

“போனேன். உடனே வந்துட்டேன். எதுவும் விழலையே சார்.”

வாசல்வரை போன கால் அங்கேயே நின்றது.

கீழே படிப்பகத்தில் கணினிகள் பேசிக்கொண்டிருந்தன. யாரோ வேகமாகத் தட்டச்சு செய்வது மாடிவரை கேட்டது. அவர் அதைக் கேட்டபடியே நின்றார். கோபம் மெல்ல வடிந்தது. அதன் இடத்தில் வந்த வெட்கத்தைத் தாங்க முடியவில்லை.

“ஜெயசீலி,” என்றார். தோளிலிருந்த பையை இறக்கினார்.

ரெஜினா எதிரில் இருந்த நாற்காலியைத் தடவிப் பார்த்து, அவர் பக்கமாகத் திருப்பிப் போட்டார்.

“‘அவ கேட்டது என்னன்னா’ன்னு சொல்லி நிறுத்துனீங்க. மேல சொல்லுங்க சார்.”